கண்வலித் தோட்டத்துக்கு வந்த ரிப்போர்ட்

மூலனூர் பக்கம் என் தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், பயிரிடுகிறார்கள். விதை மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. செடி முழுக்க விஷம். ஐப்பசியில் தினமும் காலையில் ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும். அந்த வேலையில் தங்கையை மிஞ்ச ஆளில்லை. சென்ற ஆண்டு ஆவணியில் இரண்டாவது முறையும் கரு கலைந்தபோது அவள் மாமியார் சொல்லிவிட்டார்: "வருசா வருசம் அந்தப் பூவத் தொட்டுத் தொட்டுத்தான் இப்படி ஆச்சு. இனி தோட்டத்துப் பக்கம் போகாத அம்மணி." அந்த ஐப்பசி முழுக்கத் தங்கை வீட்டிலேயே இருந்தாள். பழி தன் மேல்தான் என்று அவளும் நம்பத் தொடங்கியிருந்தாள்.

கார்த்திகை முதல் வாரம் கணவன் மனைவி இருவரும் கோவையில் குரோமோசோம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். மார்கழியில் ரிப்போர்ட் வாங்க நானும் கூடப் போனேன்.

அங்கே மரபணு ஆலோசகராக இருந்த அம்மா குரோமோசோம் படத்தைக் காட்டி விளக்கினார். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்கள் நடுவில் வரிசை கட்டுகின்றன. இரு முனைகளிலிருந்தும் வரும் கதிர் இழைகள் அவற்றைப் பற்றி இரண்டு பக்கமும் இழுக்கின்றன. இழுத்துப் பிரித்துவிட்டால் பார்க்க முடியாது. அதனால் இழைகளை உருவாகவிடாத ஒரு மருந்தை விட்டு, அப்படியே நிறுத்திப் படமெடுக்கிறார்கள்.

"கோல்ச்சிசின் வகை மருந்துங்க" என்றார்.

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏனுங்க மேடம், அது எங்க கண்வலி வெதைல இருக்கறதுங்களே."

தங்கை மெதுவாகக் கேட்டாள். "அப்ப அதுதானுங்களா காரணம்?"

"இல்லீங்க. கையுறை போட்டுத்தான் அந்தச் செடியத் தொடணும், அது வேற விஷயம். உங்க படத்துல ஒரு கொறையும் இல்ல. இவருக்குத்தான் பிறவியிலயே ரெண்டு குரோமோசோம் ஒண்ணுக்கொண்ணு துண்டு மாத்திக்கிட்டிருக்கு."

எதுவும் தொலைந்து போகவில்லை, அதனால் அவர் உடம்புக்குக் கேடில்லை. ஆனால் விந்தணு உருவாகும்போது இழைகள் அந்த இரண்டையும் சில சமயம் தப்பான ஜோடியாக இழுத்துவிடும். ஒரு துண்டு கூடும், ஒன்று குறையும், கரு நிற்காது. சரியாகப் பிரிவதும் உண்டு, குழந்தை பிறக்க வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது என்றார்.

சாயங்காலம் ஊருக்குப் போனதும் மாப்பிள்ளை செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னார். "அம்மா, கொற என்ர கிட்டத்தான். பூவும் இல்ல, இவளும் இல்ல."

மாமியார் மகன் பக்கம் திரும்பி, "அப்பறம் எதுக்குடா இந்தப் புள்ளைய இத்தன நாளா ஊட்டுக்குள்ளயே ஒக்கார வெச்சே?" என்றார்.

"நீங்க சொல்லித்தானுங்க அத்தை" என்றாள் தங்கை.

"நான் ஆயிரஞ் சொல்லுவேன். எல்லாத்தையுமா கேக்கறீங்க?"

தங்கை சிரித்தாள். "நாளைக்குக் காய் பாக்க நானும் வாரேனுங்க" என்று கணவரிடம் சொன்னாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.