முருங்கையிலைக்கு ஒரு கோழி

கிருலப்பனையில் எங்கள் வீட்டு முருங்கையில் இலை பறிக்கச் சனிக்கிழமைகளில் ஒருவர் வருவார். ஒல்லியான மனிதர், காதோரம் நரை. இலையைக் காயவைத்து இடித்து, தான் வளர்க்கும் புரொயிலர் கோழிகளின் தீனில் கலப்பார். பையில் போடுமுன் ஓர் இலையைத் தானே மென்று பார்ப்பார்.

“ஊசி மருந்து இல்லாமலே நல்லா வளருதுகள், தங்கச்சி.”

ஒருநாள் உரித்த கோழியொன்றை எங்களுக்கென்று கொண்டுவந்தார். நாங்கள் சைவம் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. சற்று யோசித்தார்.

“அப்ப ஒண்டை வெட்டாமல் விடுறன். அது உங்கட பேரில நிக்கட்டும்.”

அதன்பின் வரும்போதெல்லாம், “உங்கட ஆள் நல்ல சுகம்” என்று தானாகவே சொல்லுவார். மாதங்கள் ஓடிவிட்டன. புரொயிலர் கோழி இவ்வளவு காலம் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் மனமில்லை. அவர் சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது.