ரெஜினா அக்காவும் இரண்டு ஆமிக்காரரும்

ரெஜினா அக்கா இறந்த செய்தியை அவருடைய தம்பி சேவியர்தான் தொலைபேசியில் சொன்னார். "அக்கா விடிய மோசம் போயிட்டா. வெள்ளிக்கிழமை அடக்கம். நீங்கள் எழுதிற ஆள், கொஞ்சம் வீரமா ஒரு அஞ்சலி எழுதித் தாங்கோ." அவர் கேட்ட அஞ்சலி இதுதான். அடக்கத்துக்குப் பிந்திவிட்டது.

அக்காவை அறிந்தவர்களுக்குத் தெரியும்: ஊரில் இளம் வயதில் ஓர் இயக்கத்தில் இருந்தார். பிறகு மொன்றியலுக்கு வந்து, கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தார். சேவியருக்குப் பெண் பார்த்த காலத்தில், அக்கா அந்த இயக்க வருடங்களில் கன்னியர் மடத்தில் தங்கிப் படித்தவர் என்று வீட்டார் சொல்லிவைத்தார்கள். பெண்வீட்டார் வந்தபோது மடத்தில் படித்தவரைக் குசினியை விட்டு வெளியே வர வேண்டாம் என்றார்கள். ஊரில் சமாதானப் பேச்சு தொடங்கி, இங்கே போராளிகளுக்கு மதிப்புக் கூடியதும் அவர் போராளியானார். வசதியானவர்கள் குடியிருக்கும் இல்-பிசாரில் சேவியர் வாங்கிய வீட்டில், அக்கா தனியாளாக இரண்டு ஆமிக்காரரைச் சுட்ட கதை ஆட்டுக்கறியோடு பரிமாறப்பட்டது. சேவியரின் மகள் அதைப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் எழுதி நல்ல புள்ளி வாங்கினாள்.

ஒருமுறை அந்த விருந்தில் அக்காவும் இருந்தார், நானும் இருந்தேன். கதை துப்பாக்கிக்கு வந்தபோது அக்கா சொன்னார்: "சேவியர், நான் துவக்கே தூக்கேல்லை. முகாமில சோறு காய்ச்சினன்."

"அக்கா எப்பவும் தன்னைக் குறைச்சுத்தான் கதைப்பா," என்றார் சேவியர். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு அக்காவுக்கு அந்த வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை.

நடந்ததை அவர் எனக்கு நாங்கள் இருவரும் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில், சலவை மெசின் சுற்றி முடியும்வரை காத்திருந்தபோது சொன்னார். வேறோர் இயக்கத்தைச் சேர்ந்த யூட், ரஞ்சன் என்ற இருவரை அவருடைய இயக்கம் பிடித்து வந்திருக்கிறது. இருவரும் ஊரில் அக்காவின் மாதா கோவில் பங்கைச் சேர்ந்தவர்கள்.

"நான்தான் சோறும் தேங்காப்பால் சொதியும் போட்டனான். 'அக்கா, இன்னும் கொஞ்சம் சொதி விடுங்கோ' எண்டு ரஞ்சன் கேட்டவன். அண்டைக்குப் பின்னேரமே எங்கட பெடியள் ரெண்டு பேரையும் சுட்டுப்போட்டாங்கள். நான் முகாமை விட்டு ஓடியிட்டன். ஆமியைச் சுட்ட கதை எனக்குத் தெரியாது, தம்பி. எனக்குத் தெரிஞ்சது சொதிக் கதைதான்."

அடக்கம் முடிந்து மண்டபத்தில் சேவியர் பேசினார். ஆமிக்காரர் இப்போது நான்கு பேர். சனம் கைதட்டியது. பிறகு சேவியர் றோல்ஸ் தட்டோடு என்னிடம் வந்தார்.

"பங்குச் சுவாமி கேக்கிறார், அக்கா வருசா வருசம் நினைவுப் பூசை குடுத்த ரெண்டு பேருக்கும் இனி ஆர் குடுக்கிறதெண்டு. யூட், ரஞ்சன். ஆர் அவங்கள்? எங்கட சொந்தத்தில அப்பிடி ஒருத்தரும் இல்லையே?"

"நீங்கள் சொன்ன நாலு ஆமிக்காரரில முதல் ரெண்டு பேர்," என்றேன். சொதிக் கதையைச் சொன்னேன்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "இதையெல்லாம் எழுதிப்போடாதேங்கோ," என்றார்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்த இரண்டு பெயர்கள். அவற்றோடு அவருடைய பெயரையும் சேர்த்துச் சுவாமியிடம் கொடுத்துவிட்டேன். பூசைக்கு வர விரும்புகிறவர்கள் வரலாம். கைதட்ட வேண்டாம்.