பூட்டிய கழுத்துப்பட்டி

இது நடந்தது. சுபாஸ்கரன் இதை யாருக்கும் சொல்வதில்லை. யாராவது கேட்டால் எழுந்து போய்விடுவான். ஆனால் அவன் மனைவி துஷாந்தினி நாய் நோயில் கிடந்த நேரங்களை எழுதிவைத்த நாட்காட்டித் தாள் இன்னும் அவர்களுடைய குசினிச் சுவரில் அடுப்புக்கு மேலே தொங்குகிறது. இங்கே வரும் நேரங்கள் பெரும்பாலும் அதில் பார்த்து எழுதியவை.

சுபாஸ்கரன் பண்டத்தரிப்பில் மேசன் வேலை செய்பவன். வாயைத் திறந்து நாலு சொல் பேசுவது அபூர்வம். ஞாயிறு காலையில் முயல் பிடிக்கப் போவது மட்டும் விடமுடியாத பழக்கம். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் ஜெற் என்ற வேட்டை நாய்தான் பிள்ளை. தாய் செத்த குட்டி. கண் திறக்காத நாளிலிருந்து பஞ்சில் பால் நனைத்து அதை வளர்த்தான். இப்போது பதினொரு மாதம். பழுப்பு நிறம், ஒட்டிய வயிறு, ஆகாயத்து ஜெற்றைப் போன்ற ஓட்டம். முயலைக் கண்டால் அது போடும் சத்தம் தனி. மூன்று குட்டிக் குரைப்பு, பிறகு நீண்ட ஒரு ஊளை. குரல் மாறும் வயதுப் பையனுடையதைப் போல அந்த ஊளை நடுவில் உடையும். ஊரில் வேறெந்த நாயும் அப்படிக் கத்தாது.

ஆவணி மாதத்து ஞாயிறு. சுபாஸ்கரனும் அவனுடைய கூட்டாளி ஜெனிசும் கீரிமலைப் பக்கம் போனார்கள். இராணுவம் அண்மையில் விட்ட காணிகள். முப்பது வருசத்துக்கு மேல் ஆள் புழங்காத பற்றை. உள்ளே கூரை இல்லாத வீடுகள். அப்படியான வீட்டிலிருந்து எதையும் எடுப்பதில்லை என்று வேட்டைக்குப் போகிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. உரியவர்கள் எங்கோ உயிரோடு இருக்கிறார்கள். ஒருநாள் வருவார்கள்.

காலை 7.15-க்கு ஜெற்றின் கழுத்துக் கயிறு அறுந்தது. வேறு கயிறு இல்லை. அப்போதுதான் ஒரு வீட்டின் பின்வளவில் அதைக் கண்டான். ஒரு பெரிய பூவரசு. அதன் அடியில் இரும்புச் சங்கிலி. ஒரு முனையை மரம் வளர்ந்து விழுங்கிவிட்டிருந்தது. மறுமுனையில் தோல் கழுத்துப்பட்டி ஒன்று கொளுவியிருந்தது.

பட்டி மூன்றாவது துளையில் பூட்டியபடி இருந்தது. வட்டமாக. உள்ளே ஒன்றும் இல்லை.

இத்தனை வருசத்தில் தோல் இற்றுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. தொட்டபோது இளஞ்சூடாக இருந்தது. வெயில் என்று நினைத்தான். அந்த இடத்தில் வெயில் விழவில்லை.

“விடு மச்சான். ஆற்றையோ வீட்டுச் சாமான்,” என்றான் ஜெனிஸ்.

“உந்தப் பட்டியைத் தேடிக் கனடாவிலை இருந்து பிளேன் ஏறி வரப்போகினமோ?”

“வந்து கேட்டால் நான் உன்னைத்தான் காட்டுவன்.”

சுபாஸ்கரன் சிரித்துக்கொண்டே பட்டியைத் திறந்தான். சங்கிலியிலிருந்து கழற்றி ஜெற்றின் கழுத்தில் போட்டான். மூன்றாவது துளை. அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது.

மத்தியானம் ஜெற் வழக்கம்போல ஒரு சட்டி சோறு தின்றது.

பின்னேரம் 4.20. நாட்காட்டியின் முதல் குறிப்பு அதுதான். ஜெற் முற்றத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது. பிறகு நடக்கத் தொடங்கியது. வட்டமாக. ஒரே வட்டம். அதைத் தாண்ட முயலும்போதெல்லாம் கழுத்து பின்னால் இழுபட்டது. நாக்கு வெளியே தள்ளியது.

அதை யாரும் கட்டியிருக்கவில்லை.

துஷாந்தினி ஓடிப்போய்ப் பட்டியைக் கழற்றினாள். கழுத்தில் ஒரு தடம். மயிர் உதிர்ந்து, தோல் காய்த்து... அரை நாளில் வரக்கூடிய தடம் இல்லை. பட்டியைக் கழற்றிய பிறகும் ஜெற் அதே வட்டத்தில் நடந்தது.

திங்கள் காலை 9.30. மிருக வைத்தியர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

“எத்தினை நாள் பட்டினி போட்டனீர்?”

“நேற்று மத்தியானம் சாப்பிட்டது, ஐயா.”

“பொய் சொல்லாதையும் தம்பி. இது ரெண்டு கிழமையா ஒண்டும் தின்னாத நாய்.”

சேலைன் ஏற்றினார். ஊசி போட்டார். ஒன்றும் ஏறவில்லை. செவ்வாய் காலையில் விலா எலும்புகளை எண்ணலாம் போலிருந்தது. பால் வைத்தால் திரும்பிப் பார்க்கவில்லை. வெறுந்தரையை நக்கியது. அங்கே ஒரு தண்ணீர்ச் சட்டி இருந்ததுபோல... நக்கி நக்கி வாயெல்லாம் மண்.

செவ்வாய் பின்னேரம் 3.10. கால்கள் குளிர்ந்துவிட்டன. சுபாஸ்கரன் அதன் தலையை மடியில் வைத்திருந்தான். பஞ்சில் பால் நனைத்து வாயில் பிழிந்தான். பால் வழிந்தது.

துஷாந்தினி பட்டியைக் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டாள்.

“இஞ்சேருங்கோ. எடுத்த இடத்திலையே கொண்டுபோய் வையுங்கோ. எப்பிடி இருந்துதோ, அப்பிடியே வையுங்கோ.”

அவன் தனியாகப் போனான். ஜெனிஸ் வரவில்லை.

பூவரசின் அடிக்குப் போனபோது நேரம் ஆறு. வெளிச்சம் இருந்தது. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. மரத்தைச் சுற்றிப் புல் தேய்ந்து, மண் வட்டமாகத் தெரிந்தது. ஞாயிறு பார்த்தபோது அங்கே முழங்காலளவு புல் நின்றது.

குந்தினான். பட்டியைச் சங்கிலியில் கொளுவினான். இனிப் பூட்ட வேண்டும்.

பூட்ட முடியவில்லை.

இறுக்கி இழுத்தான். வட்டத்துக்குள் ஏதோ இருந்தது.

மயிர். சூடு.

ஒரு துடிப்பு.

மணிக்கட்டில் ஒரு மூச்சு...

கண்ணை மூடிக்கொண்டு பலமாக இழுத்தான். மூன்றாவது துளை. கொக்கி விழுந்தது. டிக்.

எழுந்து திரும்பிப் பார்க்காமல் ஓடினான். மோட்டார் சைக்கிளை எட்டியபோது போன் அடித்தது. துஷாந்தினி அழுதுகொண்டே சொன்னாள்.

“எழும்பிட்டுது. இப்ப, ஆறு அஞ்சுக்கு. பால் குடிக்குது.”

வெள்ளிக்கிழமைக்குள் கழுத்துத் தடம்கூட மறைந்துவிட்டது. வைத்தியரே நம்பவில்லை. துஷாந்தினி நேர்த்தி வைத்தபடி வைரவருக்கு வடைமாலை சாத்தினாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்கள்.

சின்னச் சின்ன மாற்றங்கள் மட்டும் இருந்தன. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. முயல் முன்னால் பாய்ந்தாலும் பார்த்துக்கொண்டு நிற்கும். பலாலிக்குப் போகும் விமானங்களை அது முன்பு பொருட்படுத்தியதே இல்லை. இப்போது அந்த இரைச்சல் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய் ஒடுங்கும். பின்னேரம் 5.45 ஆனால் சுபாஸ்கரனின் செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு போய் வாசல் படலையடியில் இருக்கும். வீதியைப் பார்த்தபடி. அவன் வீட்டுக்குள் நின்றாலும்கூட.

“வருத்தம் வந்த நாய். போகப்போகச் சரியாகும்,” என்றான் அவன்.

புரட்டாசிக் கடைசியில் ஜெனிஸ் ஒரு வேலை கொண்டுவந்தான். கனடாவிலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறா, காணிக்கு மதில் கட்ட வேண்டும் என்றான். எந்தக் காணி என்று சொல்லவில்லை. போன பிறகுதான் அது அந்தப் பூவரசு நிற்கும் காணி என்று சுபாஸ்கரனுக்குத் தெரிந்தது.

அந்த அம்மாவின் பெயர் குணலட்சுமி. அறுபது வயது இருக்கும். முதல் நாள் வேலை முடிந்தபோது எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா. சுபாஸ்கரன் கோப்பையை வாங்கினான். பிறகு கேட்டான்.

“அம்மா, பின்வளவுப் பூவரசிலை என்ன கட்டினனீங்கள்?”

“சீசரை. எங்கடை நாய்.” அவ மரத்தின் பக்கம் பார்க்கவில்லை. “தொண்ணூறாம் ஆண்டு, ஆனி மாசம். ரெண்டு மணித்தியாலத்திலை திரும்பி வாறம் எண்டு கட்டிப்போட்டுப் போனம். தண்ணியும் வைச்சனாங்கள். பிறகு ஆமி ஒருத்தரையும் உள்ளுக்கை விடேல்லை.”

அவவாகவே சொன்னா.

“பொல்லாத பயந்தாங்கொள்ளி. குண்டு போடுற பொம்பர் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழை பூந்திடும். ஆனால் அப்பாவிலை உயிர். அவர் வேலை முடிஞ்சு ஐஞ்சே முக்காலுக்கு வருவார். அதுக்கு முதலே அவற்றை செருப்பைக் கவ்விக்கொண்டுபோய்...”

“படலையடியிலை இருக்குமோ?” என்றான் சுபாஸ்கரன்.

“ஓம். உமக்கு எப்பிடித் தெரியும்?”

அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

பின்வளவில் சத்தம் கேட்டது.

மூன்று குட்டிக் குரைப்பு.

பிறகு ஒரு நீண்ட ஊளை...

நடுவில் உடைந்தது.

“உங்கடை நாயோ தம்பி? பாவம், ஆரோ கட்டிப்போட்டிருக்கினம் போலை,” என்றா குணலட்சுமி.

அவன் ஓடினான். பூவரசு. மண் வட்டம். நாய் இல்லை. சங்கிலி தரையில் கிடக்கவில்லை. ஒரு முழ உயரத்தில் விறைத்து நின்றது. அதன் முனையில் பட்டி. அவன் பூட்டியபடியே. மூன்றாவது துளை.

அவனைப் பார்த்து இழுபட்டுக்கொண்டு நின்றது.

வீட்டுக்குப் போன் எடுத்தான்.

“ஜெற் எங்கை?”

“படலையடியிலை,” என்றாள் துஷாந்தினி. “உங்கடை செருப்போடை.”