பூங்காவனத்தின் ஈறில் ஒரு நீலக் கோடு

வீடு வீடாகக் கதவைத் தட்டி, "உங்கள் பிள்ளை எதையெல்லாம் வாயில் வைக்கிறது?" என்று கேட்பதுதான் என் உத்தியோகம். வரி வசூலிப்பவர்களே, அம்மை குத்துபவர்களே, கதவு திறந்ததும் சுளிக்கும் முகத்தைப் பார்த்துப் பழகிய மற்ற தோழர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி. காரீய விஷம் ஏறிய குழந்தை வந்தால், அது எங்கிருந்து ஏறியது என்று பார்த்து வர டாக்டரம்மா என்னை அனுப்புவார். எங்கள் குடும்பத்தில் பி.ஏ. படித்தவன் நான் ஒருவன்தான். நான் ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் ஒரு குழந்தை போய்விடுமே என்ற பயத்தில் பல நாள் சோறு இறங்காது. இங்கே சொல்வதெல்லாம் ஒரே வீட்டைப் பற்றித்தான்.

நாற்றம் பிடித்த சீசா

குடியாத்தத்தில் நூலுக்குச் சாயம் போடுகிறவர் கன்னியப்பன். அவர் மகள் பூங்காவனத்துக்கு மூன்று வயது. ஓயாத வயிற்றுவலி, வெளிறிய முகம், ஈறின் ஓரத்தில் நீலக் கோடு. போன வருஷம் அவளுடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. வலிப்பு வந்து இறந்துவிட்டான். "இவளுக்கு வலிப்பு வருவதற்குள் கண்டுபிடி" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

என் ஆயுதம் ஒரு சீசா. தோல் பதனிடும் ஷாப்பில் தோலிலிருந்து மயிரைக் களையப் போடுகிறார்களே சல்பைடு, அதைக் கரைத்து வைத்திருப்பேன். சுண்ணாம்பு, சாயம், மண் எதிலாவது ஒரு சொட்டு விட்டுக் கறுத்தால் காரீயம் இருக்கலாம் என்று சந்தேகப்படலாம். அழுகின முட்டை போல நாறும். நான் அதைத் திறந்ததும் குழந்தையின் தாய் தனபாக்கியம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"இன்னா சார், புள்ளைக்கு வைத்தியம் பாக்க வந்தீங்களா, தோலுக்கு மயிர் எடுக்க வந்தீங்களா?"

ஈயம் பூசுகிறவர்

அந்த வீட்டில் புளிக்குழம்பு கொதிப்பது பித்தளைப் பாத்திரத்தில். உள்ளே பூசியிருந்த ஈயத்தைத் துணியால் தேய்த்து, துணியில் ஒரு சொட்டு விட்டேன், கறுத்தது. பூசுவதற்கு உரியது வெள்ளீயம். அதில் மலிவான காரீயத்தைக் கலந்தால் புளி அதைக் கரைத்துக் குழம்பில் இறக்கிவிடும். கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம். அந்தத் தெருவுக்கு ஈயம் பூசுகிற பாயைத் தேடிப் பிடித்தேன். துருத்தியை நிறுத்தாமலே பேசினார், எதையும் மறைக்கவில்லை.

"கலக்காம யாரு தம்பி பூசறாங்க? மத்தவன் ஜாஸ்தி கலப்பான், நான் கம்மியா கலப்பேன், எனக்கும் புள்ளைங்க இருக்குது இல்ல?"

தனபாக்கியம் அன்றே மண்சட்டிக்கு மாறினார். நாங்கள் காத்திருந்தோம். பூங்காவனத்தின் வயிற்றுவலி குறையவில்லை.

பூட்டிய கொட்டகை

டாக்டரம்மா சாயக்கொட்டகையைச் சந்தேகப்பட்டார். சந்தேகம் நியாயமானதுதான். குடியாத்தத்து லுங்கிகளில் வருகிற அந்தப் பளிச்சென்ற மஞ்சள், நூலைக் காரீய உப்புத் தண்ணீரில் தோய்த்து, பிறகு குரோம் தண்ணீரில் தோய்த்தால் ஏறுவது. எத்தனை முறை அடித்துத் துவைத்தாலும் போகாது.

நான் கேட்டதும் கன்னியப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. கொட்டகைக்குத் தனிக் கதவு, தனிப் பூட்டு. வேலை முடிந்ததும் கொல்லையிலேயே குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருகிறார். தரை, சுவர், பாய், தொட்டில் எங்கு சொட்டு விட்டும் எதுவும் கறுக்கவில்லை. அந்த மனிதர் சொன்னது முழுக்க உண்மை.

"பெரியவன் போனதுலேர்ந்து இவள இந்த வாசப்படி மிதிக்க வுட்டதில்ல சார். நானே இவளத் தூக்கறதுக்கு யோசிக்கறேன்."

வார்டில்

வீட்டில் வேறு ஒன்றும் பிடிபடாததால் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் பால், எங்கள் கஞ்சி, எங்கள் கட்டில். நாட்கள் போயின. தெளிய வேண்டியவளுக்கு முதல் வலிப்பு வந்தது. விஷம் வீட்டில் இருந்தால் வீட்டை விட்டு வந்ததும் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் அது அவளோடு கூடவே வந்திருக்கிறது.

கட்டிலருகே உட்கார்ந்து பார்த்தேன். தூக்கம் வருகிற நேரத்தில் பூங்காவனம் மணிக்கட்டை வாயருகே கொண்டுபோய், அதில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றைச் சப்பத் தொடங்கினாள். முதல் வருஷம் நிறையும்போது அம்மன் பேரில் கட்டுகிற காப்புக் கயிறு. ஊரெல்லாம் நூலை மஞ்சளில் நனைத்துக் கட்டுவார்கள். அது சீக்கிரம் வெளுத்துவிடும். சாயக்காரர் வீட்டில் வெளுக்கலாமா? தங்களிடம் இருந்ததிலேயே உசத்தியான மஞ்சளில் தோய்த்து முறுக்கியிருந்தார்கள். நுனியைக் கத்தரித்து ஒரு சொட்டு விட்டேன். தனபாக்கியத்தின் கண்ணெதிரே அது கரியாகக் கறுத்தது.

அவர் அழவில்லை. கறுத்த நூலைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்:

"பெரியவனுக்கு நோவு ஜாஸ்தியானப்ப, ஒண்ணு போதலையோன்னு இன்னொண்ணும் சேத்துக் கட்டினேன் சார்."

கத்தரிக்கோலோடு

பூங்காவனம் பிழைத்தாள். வலிப்பு நின்றது. ஆனால் தெருவுக்கே வாயாடியாக இருந்தவள் இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் காட்டுகிறாள். பேச்சு திரும்புமா என்று கேட்டதற்கு, அடுத்த மாதமும் கூட்டி வரச் சொல்லி டாக்டரம்மா சீட்டு எழுதினார்.

அந்தத் தெருவில் சாயம் போடுகிற வீடு ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் கையில் அதே கயிறு. நான் சொன்னபோது ஒருவரும் அவிழ்க்கவில்லை. அம்மன் கயிற்றில் கத்தரிக்கோல் வைக்க நான் யார்? பிறகு கன்னியப்பன் என்னோடு வந்தார். "தன் புள்ளை கயித்த அறுத்துட்டு ஊர்ப் புள்ளை கயித்த அறுக்க வந்துட்டாருடி" என்று ஒருத்தி காதுபடவே பேசினாள். அவர் நிற்கவில்லை. ஒரு வீட்டில் இளந்தாய் ஒருத்தி குழந்தையின் கையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "அப்ப எம்புள்ளைக்கு எத்த கட்டறது மாமா?" என்று கேட்டாள். கன்னியப்பன் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"வெறும் மஞ்சள்ல நனைச்சிக் கட்டும்மா. வெளுத்தா வெளுத்துட்டுப் போவட்டும், மறுபடி நனைச்சிக்கலாம்."

இந்த வேலையில் நான் நுழைந்த வீடுகளில், பிள்ளைக்குக் கெடுதல் நினைத்து வைத்த விஷம் ஒன்றைக்கூட இதுவரை பார்த்ததில்லை. பார்த்திருந்தால் யாரையாவது ஒருவரைத் திட்டிவிட்டாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.