மூன்றாம் லைனின் திறந்த கதவு

முதலில் வலியே இல்லை. அதனால்தான் ஏமாந்தேன்.

பூன் லே வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலை. உலோகத் தகடுகளில் எண் பொறிக்கும் லேசர் இயந்திரத்தின் முன்னால் அன்று காலை குனிந்திருந்தேன். வலது கண்ணுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம், வெள்ளையாக ஒரு மின்னல். நிமிர்ந்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்து இயந்திரத்தில் வேலை செய்யும் மகேஸ்வரியைப் பார்த்தேன். அவள் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு இருந்தது.

"என்னக்கா, கண்ணடிக்கிறீங்க?" என்றாள்.

"உன் மூக்கக் காணோம் மகேஸு."

அதற்கும் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, மாலை வரை வேலை பார்த்தேன். இதே மாதிரி இயந்திரத்தின் முன் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் அந்த நிமிடமே கிளம்பிவிடுங்கள்.

மறுநாள் கண் மருத்துவமனையில் ஓசிடி எடுத்தார்கள் (விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படம் பிடிக்கும் சோதனை, வலிக்காது). டாக்டர் சின்ன வயதுத் தமிழ்ப் பெண். திரையில் ஒரு பள்ளத்தைக் காட்டினார். அது மாக்குலாவில் இருந்தது (விழித்திரையின் நடுப்பகுதி, எழுத்தும் முகமும் தெளிவாகத் தெரிவது இதனால்தான்).

"ஆண்ட்டி, இது லேசர் சுட்ட காயம். மெஷின் கதவு மூடியிருந்தா இது வெளிய வந்திருக்காது. கதவு தொறந்திருந்துச்சா?"

"ஞாபகம் இல்ல டாக்டர்" என்றேன். பொய் சொன்னேன்.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமீபம் வரை அதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷம் பொங்கும். அதுதான் கொடுமை.

கதவைத் திறந்தால் லேசர் தானாக நின்றுவிடும். கதவின் விளிம்பில் ஒரு காந்தம் இருக்கும். அது சென்சாரை (காந்தம் அருகில் இருப்பதை உணரும் கருவி) விட்டு விலகினால் இயந்திரம் ஓடாது. எண் சரியாக விழுகிறதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் திறந்து, மூடி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளிக்குத் தேக்கா கடைத்தெருவில் எல்லாருக்கும் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்த யானைப் பொம்மைகள் வாங்கிப் போனேன். விளையாட்டாக ஒன்றை அந்தச் சென்சாரின் மேல் ஒட்டிப் பார்த்தேன். கதவு ஆவென்று திறந்திருக்க, இயந்திரம் அது பாட்டுக்கு ஓடியது. எல்லாரும் கைதட்டினார்கள். ஒரே வாரத்தில் எங்கள் வரிசையான மூன்றாம் லைன் முழுக்க என் யானைகள் ஏறிவிட்டன.

என்ன நாட்கள் அவை! வேறு எந்த லைனும் எங்கள் வேகத்துக்கு வர முடியவில்லை. சூப்பர்வைசர் மிஸ்டர் டான் கறிபப் பலகாரம் வாங்கி வருவார்; அவர் தலை தெரிந்ததும் கதவுகளை மூடிவிடுவோம். பாலில்லாத தே ஓ குடித்தபடி மகேஸ்வரி அவள் மாமியாரைப் போலவே நடித்துக் காட்டுவாள், புரை ஏறும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் தேக்காவுக்குப் போய்ப் பூ வாங்கி, பஸ் நிறுத்தத்திலேயே தலையில் வைத்துக்கொள்வோம்.

பாதுகாப்புக் கண்ணாடி கழுத்தில்தான் தொங்கும். போட்டால் எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்பது எங்கள் புகார். பயிற்சி வகுப்பில், இது அயனியாக்காத கதிர்வீச்சு (எக்ஸ்ரே வகையைச் சேராதது) என்று சொல்லியிருந்தார்கள். எக்ஸ்ரே இல்லை என்ற பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனோம். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, அதனால் இமை மூடாது, கண்ணின் லென்ஸே அதைக் குவித்து உள்ளே சுடவைக்கும் என்ற மீதியை வகுப்பிலேயே விட்டுவிட்டோம்.

மருத்துவமனையில் வீக்கம் குறைய மாத்திரை கொடுத்தார்கள். மற்றபடி காத்திருப்பதுதான் வைத்தியம். விடுப்பில் வீட்டில் இருந்தபோது என் கணவர் ராமு கடிதங்களைப் படித்துக் காட்டுவார். அவரிடம் யானைக் கதையைச் சொன்னேன்.

"கம்பெனில சொன்னா வேலை போயிரும்ங்க."

"போனா போகட்டும்லா. அங்க மகேஸு இன்னும் அதே கதவு முன்னாலதான நிக்கிறா? அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ என்ன பண்ணுவே?"

மறுநாள் காலை மிஸ்டர் டானைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அன்றே யானைகளைப் பிடுங்கினார்கள். லைனை நிறுத்தினார்கள். எல்லாருக்கும் கண் சோதனைக்கு ஏற்பாடு ஆனது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும், பேக்கிங் பிரிவில் இடமும் கிடைத்தன.

மகேஸ்வரி போனில் பொரிந்து தள்ளினாள். "ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? ஒட்டுனது நீங்க, மாட்டிவிட்டதும் நீங்க. லைன் ரொம்ப ஸ்லோவாயிடுச்சு. எல்லாரும் உங்களத்தான் திட்டுறாங்க."

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவள் கூப்பிடவில்லை. கண்ணைவிட அதுதான் எனக்கு வலித்தது.

நான்காவது மாதம் பள்ளம் ஓரளவு மூடியது. திட்டு சின்னதாகிவிட்டது, ஆனால் போகவில்லை, போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது கண்ணால் மட்டும் பார்த்தால் ஒவ்வொரு சொல்லிலும் ஓர் எழுத்து காணாமல்போகிறது. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் முகங்கள் முழுசாக வந்துவிடுகின்றன, அந்த அளவுக்கு எனக்கு நிம்மதி.

இதற்கெல்லாம் முன்பே, அந்த மூன்று வாரம் முடிந்ததும், மகேஸ்வரி கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை.

"அக்கா, ரிசல்ட் வந்துருச்சு. எனக்கும் இருக்காம். இடது கண்ணுல, ஓரமா."

"எப்ப பட்டுச்சாம்?"

"தெரியலயாம். பழைய தழும்பு, ரொம்ப வருஷம் ஆயிருக்கும்ங்கிறாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியலயேக்கா!"

ஓரத்தில் பட்டால் தெரியாதாம். குறைகிற இடத்தை மூளையே பக்கத்து நிறத்தை வைத்து நிரப்பிவிடுமாம். என் டாக்டர் சொன்னதை அவளுக்குத் திரும்பச் சொன்னேன். சொல்லி முடித்ததும் என்னை மன்னித்துவிடு என்றேன். அவள் அழுதாள், ஆனால் போனை வைக்கவில்லை.

இப்போது பழைய நாட்களை நினைத்தால் முன்போல மிதக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் தேடுகிறேன். அவற்றில் ஏதோ ஒரு நாளில், நான் பக்கத்தில் நிற்கும்போதே, லேசர் அவள் கண்ணைச் சுட்டிருக்கிறது. எந்த நாள் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்று மாலையும் நாங்கள் சிரித்துக்கொண்டேதான் பஸ் ஏறியிருப்போம்.