மனுவுக்குப் பதில் கேட்ட ராஜம் அக்கா

சனிக்கிழமை காலை, தொப்பியின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தபோது ராஜம் அக்காவின் மகன் அழைத்தார். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க ஆன்ட்டி. நீங்க அங்க வெயிட் பண்ணிட்டு இருப்பீங்களேன்னுதான் உடனே கால் பண்ணேன்." உண்மையில் அவருக்காகத்தான் காத்திருந்தேன். இங்கே நியூ ஜெர்சியில், ஆங்கிலேயர் ஆண்ட காலத்துப் பண்ணை வீடு ஒன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. வாரம் ஒருநாள் நாங்கள் இருவரும் அந்தக் காலத்து உடையில் அங்கே சம்பளமில்லாத வழிகாட்டிகள். உள்ளே இருபது பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பினால் அக்கா என்னைச் சும்மா விடமாட்டார். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் புளியோதரையில் உப்பு குறைவு என்று துணிந்து சொல்லும் அம்மாவாகத்தான் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். அதற்கு முன் முப்பது வருடம் தாலுகா ஆபீசில் நிலப் பதிவேடுகளைப் பார்த்தவர். ஓய்வு பெற்று மகனிடம் வந்ததும் பொழுது போகவில்லை என்று புலம்பினார். நான்தான் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். நீண்ட கவுனுக்கும் ஏப்ரனுக்கும் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். பொட்டை எடுக்க மட்டும் முடியாது என்றார்.

முதல் ஒத்திகை படுதோல்வி. ஆங்கிலேயரை எதிர்த்து அமெரிக்கா விடுதலை பெற்ற கதையை, தேயிலை வரி, முத்திரை வரி என்று மனப்பாடமாக ஒப்பித்தார். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். மேலாளர் சூசன் சிரித்த முகத்தோடு, "நாங்களே உங்களைக் கூப்பிடுகிறோம்" என்றார். காரில் ஏறியதும் அக்கா சொன்னார்: "அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா நான் சொன்னதுதானே!"

மறுவாரம் கூப்பிடாமலே போய் நின்றார். ஒரு மேஜை மட்டும் கேட்டார். பிள்ளைகளிடம் காகிதம் கொடுத்து, அந்தக் காலத்து ஆங்கிலேய ராஜாவுக்கு ஆளுக்கொரு குறை எழுதச் சொன்னார். வீட்டுப்பாடம் அதிகம், தம்பி தொல்லை தாங்கவில்லை என்று மும்முரமாக எழுதினார்கள். அக்கா ஒவ்வொன்றையும் வாங்கி, டப்பென்று சீல் குத்தி, டிராயருக்குள் போட்டு, "அடுத்த வாரம் வா" என்றார். நான்காவது மனு உள்ளே போனபோது ஒரு சிறுமி எழுந்து, "நீங்கள் படிக்கவே இல்லையே!" என்று ஆங்கிலத்தில் கத்தினாள்.

அக்காவுக்கு அதுதான் வேண்டும். "இந்த வீட்டில் அன்று இருந்தவர்களும் இப்படித்தான் கத்தினார்கள்" என்று ஆரம்பித்தார். காகிதத்துக்கு வரி, தேயிலைக்கு வரி, மேற்கே மலைக்கு அப்பால் குடியேறத் தடை. ஏன் என்று கேட்க, வரி போட்ட சபையில் இவர்களுக்கு ஓர் ஆள் கிடையாது. கடைசியாக எழுதிய மனுவை ராஜா கையில்கூட வாங்கவில்லை. "வரியைப் பொறுத்திருப்பார்கள். இந்த டிராயரைத்தான் பொறுக்க முடியவில்லை." பின்வரிசைப் பையன், மலைக்கு அப்பால் யாருடைய நிலம் என்று கேட்டான். "அங்கே காலங்காலமாக ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் மனு கொடுக்க மேஜையே போடவில்லை" என்றார். சூசன் அன்றே அவரைச் சேர்த்துக்கொண்டார்.

ஒருநாள் திரும்பும் வழியில் தானாகவே சொன்னார். பட்டா மாற்றக் கேட்டு ஒரு பெரியவர் மூன்று வருடம் அவரிடம் நடந்தாராம். "ஒரு பேப்பர் குறையுதுன்னு சொல்லியிருந்தா கொண்டு வந்திருப்பார். நான் வாயைத் திறக்கலை. அவர் செத்தப்புறம்தான் அந்த ஃபைல் கட்டைப் பிரிச்சேன். நான் பண்ணது பாவம்டி."

எனக்குச் சுருக்கென்றது. அப்பாவின் வயலை பிளாட் போடுபவருக்கு விற்கலாமா என்று ஊரிலிருந்து என் அண்ணன் இரண்டு வருடமாக வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருந்தார். விற்க எனக்கு மனமில்லை. கேட்ட விதமும் பிடிக்கவில்லை. அதனால் வாயைத் திறக்கவே இல்லை. பொங்கலுக்குக்கூடப் பேச்சு கிடையாது. அக்காவிடம் சொன்னேன்.

"முடியாதுன்னா முடியாதுன்னு எழுதேன்."

"சண்டை வரும்கா."

"வரட்டுமே. சண்டை போட அண்ணன் இருக்கார்ல?"

அப்போதும் நான் எழுதவில்லை. எழுதினாயா என்று அக்கா ஒவ்வொரு வாரமும் கேட்டார். நான் ஒவ்வொரு வாரமும் பேச்சை மாற்றினேன். அவர் இருக்கும்போதே எழுதியிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு உண்டு.

அந்தச் சனிக்கிழமை பிள்ளைகளை அனுப்பிவிட்டு, கவுனைக்கூட மாற்றாமல் காரில் உட்கார்ந்து எழுதினேன். விற்க எனக்குச் சம்மதமில்லை, காரணம் இது, இத்தனை நாள் பதில் போடாதது என் தப்பு. ஊரில் அப்போது இரவு ஒன்பது மணி இருக்கும். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. அரை மணி நேரம் அண்ணன் வாங்கு வாங்கென்று வாங்கினார். மூச்சு வாங்க நிறுத்தியவர், "ஏம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு? அழுதியா?" என்றார்.

கோபமாக இருந்தாலும் பதில் சொல்லிவிடுவது என்ற ஒன்றைத்தான் ராஜம் அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். வயல் விஷயம் இன்னும் முடியவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் நானும் அண்ணனும் சண்டை போடுகிறோம்.