தனி அடுப்பு

என் ஓர்ப்படிக்கு அரசாங்கம் வீடு கொடுத்தது என்னால்தான். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கடலூரை ஒட்டிய மீனவர் குப்பத்தில் மாமனார், மாமியார், கடைசிக் கொழுந்தன், நாங்கள், பெரிய கொழுந்தன் குடும்பம் என எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். பெரிய கொழுந்தன் பெண்டாட்டிதான் ஓர்ப்படி, கிள்ளையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். என்னைவிட நிறம், என்னைவிடச் சுறுசுறுப்பு. போதாதா? 2004 கார்த்திகையில் ஒருநாள், வஞ்சிரக் குழம்பில் நடுத்துண்டைத் தன் புருஷனுக்கு ஒளித்து வைத்துவிட்டாள் என்று பிடித்துக்கொண்டேன். தெருவே திரும்பிப் பார்க்கிற சண்டை. மாமியார் என் பக்கம் பேசினார். அவள் ஒரு மண் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்புறச் சார்ப்பில் உலை வைத்தாள். அன்று எனக்குச் சோறு இரண்டு கை அதிகமாக இறங்கியது.

அடுத்த மாதமே சுனாமி. நாங்கள் எல்லோரும் பிழைத்தோம், வீடுதான் போய்விட்டது. பள்ளிக்கூட முகாமில் தங்கியிருந்தபோது ஒருவர் நோட்டோடு வந்து, அலைக்கு முன்னால் உங்கள் வீட்டில் எத்தனை அடுப்பு என்று கேட்டார். நிவாரண அரிசிக்கு என்று நினைத்தேன். அவளுக்கு நம் அரிசியில் பங்கு எதற்கு? எல்லோருக்கும் முந்திக்கொண்டு, "அவ தனி அடுப்பு சார். எங்களோட சேர்ந்தவ இல்ல" என்றேன். அவளும் பக்கத்தில்தான் நின்றாள். அவர் எழுதிக்கொண்டு போனார்.

அது வீட்டுக்கான கணக்கு. ஓர் அடுப்புக்கு ஒரு வீடு. எங்கள் எல்லோருக்கும் சேர்த்து மாமனார் பெயரில் ஒன்று வந்தது. அவளுக்குத் தனியாக ஒன்று, பட்டாவில் புருஷன் பெயரோடு அவள் பெயரும்.

அதற்குப் பிறகு என் பிழைப்பே அவள் வீட்டைப் பார்ப்பதுதான். கடைசிக் கொழுந்தனுக்குக் கல்யாணமானதும் மாமனார் வீட்டில் இடம் போதவில்லை. நாங்கள் பக்கத்துப் புறம்போக்கில் கீற்றுக் கொட்டாய் போட்டோம். அங்கிருந்து அவள் வாசல் நேராகத் தெரியும். சிதம்பரத்திலிருந்து பீரோ இறங்கியபோது பார்த்தேன். சமையலறைக்குக் கடப்பாக்கல் மேடை போட்டபோதும் பார்த்தேன். சாவிக்கொத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு அவள் கடைக்குப் போவாள், அந்தச் சத்தமே எனக்கு ஆகாது. ஒரு ஐப்பசியில் அவள் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று கேள்விப்பட்டு அரைக்கிலோ இறால் வாங்கிச் சமைத்தேன். வேறு எதற்கு, சந்தோஷத்துக்குத்தான்.

2011 கடைசியில் தானே புயல் வந்து என் கொட்டாயைக் கீற்றுகூட மிஞ்சாமல் தூக்கிப்போனது. விடிவதற்குள் மழையில் நனைந்துகொண்டே அவள் வந்து என் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனாள். வேறு வழியில்லாமல் பின்னால் போனேன். அந்தக் கடப்பாக்கல் மேடையில் அவளோடு நின்று சமைத்தேன். மேடை வழுவழுவென்றுதான் இருந்தது.

குடிசை போனவர்களுக்கு அரசாங்கம் கான்கிரீட் வீடு தரப்போகிறது என்று சேதி வந்தது. வேறு வீட்டில் ஒண்டி இருக்கிறவர்களை எழுத மாட்டார்கள் என்றும் ஊரில் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் காலையில் அவள் என் சட்டியையும் மண்ணெண்ணெய் அடுப்பையும் எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டாய் இருந்த இடத்தில் வைத்தாள்.

"கெளம்புங்கக்கா. இன்னிக்கு உங்க எடத்துலயே ஒல வைங்க."

"இதுக்குத்தான் ஏழு வருஷமா காத்துக்கினு இருந்தியா?" என்று கத்தினேன். அவள் திரும்பி நடந்துவிட்டாள். தார்ப்பாயைத் தலைக்குமேல் கட்டிக்கொண்டு, அழுதபடியே அடுப்பைப் பற்றவைத்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவளைத் திட்டினேன்.

அரிசி கொதிக்கிற நேரத்தில் கணக்கெடுக்க ஆள் வந்துவிட்டார். "ஏம்மா, நீங்க ஒங்க ஓர்ப்படியோட மெத்தை வீட்டுல இருக்கிறதா சொல்றாங்களே?"

 நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எங்கிருந்தோ வந்து நடுவில் நின்றாள்.

"யாரு சொன்னது? இவுங்க தனி அடுப்பு சார். எங்களோட சேர்ந்தவங்க இல்ல."

அவர் உலையைப் பார்த்தார், கீற்றில்லாத மூங்கிலைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். அவள் என் பக்கம் திரும்பாமலே வீட்டுக்குப் போய்விட்டாள். நான் முகாமில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் நினைவில் வைத்திருந்திருக்கிறாள்.

மறு வருஷம் வீடு முடிந்தது. பால் காய்ச்சிய அன்று முதல் ஆளாக வந்தாள். அறை அறையாகப் போய்ப் பார்த்தாள். "அக்கா, ஒங்க ஜன்னலு எங்களுதவிட பெருசு" என்று பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். முகத்தில் அப்படியொரு சந்தோஷம், பொய்யே இல்லை. அவள் வீட்டை நான் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. சொந்த வீட்டில், பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்த முகத்தைப் பார்த்து எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.